கடைமடை

அவள் பெயர் தோண்டு.
அவர்கள் மொழியில் ‘திரும்பினாள்’ என்று அர்த்தம்.
நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்தால் வைக்கிற பெயராம்,
அடுத்ததாவது மாறி வரட்டும் என்று.
நம் காதில் அது ஓர் ஏவல்.
கொன்யாச் சமவெளியில் அந்த ஏவலை
மொழி தெரியாமலே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்:
நாற்பது மீட்டர், தொண்ணூறு, இருநூற்றுப் பத்து.
சென்ற மார்ச்சில் ஒரு பார்லி வயல்
டிராக்டர் கொட்டகையோடு உள்ளே போனது.
வட்டமாக, சுத்தமாக,
கீழிருந்து யாரோ மூடியை உருவியது போல.

கிணறுகள் கைவிட்ட பிறகு வாய்க்கால் மட்டும்.
மலைத் தண்ணீருக்கு ஒரு முறைப் பதிவேடு,
அதில் நாற்பத்தொரு பெயர்.
ஆளுக்கு ஆறு மணி நேரம், பத்து நாளுக்கு ஒரு தடவை.
சர்க்கரைக் கிழங்கு குடித்தது போக
மிச்சம் போய்ச் சேருமிடம் கராசாஸ் ஏரி.
கடைமடைக்காரன் பாடு எங்கும் ஒன்றுதான்.
இந்த ஆண்டு மிச்சமே இல்லை.

ஓர்ஹுன் வந்தது
ரேடியேட்டருக்கு ஒரு வாளித் தண்ணீர் கேட்டு.
முழங்கால்வரை உப்புக் காய்ந்த பூட்ஸ்.
பின்சீட்டில் மண்வெட்டி.
“என்ன வெட்டினாய்?”
“குழி. இருநூற்றுப் பதினேழு குஞ்சு.
மற்றவை தண்ணீரைத் தேடி நடந்துகொண்டிருக்கின்றன.
இறகு முற்ற இன்னும் இருபது நாள்.”
வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.
புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை.
அதனால்தானோ என்னவோ
அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பூநாரை என்கிறோம்.
குஞ்சுக்கு இன்னும் பூத்திருக்காது.
சாம்பல் உடம்பு, வீங்கிய முட்டி,
வெடித்த சேற்றில் நூற்றுக்கணக்கில்,
முன்னால் ஒரேயொரு பெரிய பறவை.

முறை எழுதும் ஷாபானிடம் போனாள்.
“என் தண்ணீரை இந்தத் தடவை கீழே விடு.”
“யாருக்கு?”
“ஏரிக்கு.”
“ஏரிக்கு அடையாள எண் உண்டா?
கையெழுத்துப் போடுமா?”
“நான் போடுகிறேன்.”
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
நாற்பத்தொன்றுக்குக் கீழே கோடு கிழித்தார்.
நாற்பத்திரண்டு என்று எழுதிப்
பேனாவை வைத்துவிட்டார்.
பிறகு எடுத்து,
சின்ன எழுத்தில்: ஏரி.

அந்த ஆறு மணி நேரத் தண்ணீரைப்
பாதி வழியில் மண்ணே குடித்தது.
பக்கத்து வயல் துர்சுன் சொன்னதை
நம் வழக்கில் சொன்னால்
கடலில் கரைத்த பெருங்காயம்.
கடல்கூடக் கிடையாது அங்கே.
அவள் கிழங்கின் இலை ஓரம் மஞ்சளித்தது.
ஆலையின் கடன் பத்திரத்தில்
மஞ்சளுக்கென்று கட்டம் எதுவும் இல்லை.

பத்தாம் நாள் மறுபடி விட்டாள்.
அன்றிரவு ஆறு மணி நேரத்தோடு
தண்ணீர் நிற்கவில்லை.
அடுத்த முறை துர்சுனுடையது.
மதகு அடைபடாமல் விடியும்வரை ஓடியது.
தூங்கிவிட்டேன் என்றான்.
தன் முறையில் தூங்குகிற ஆளில்லை அவன்.
அவளும் கேட்கவில்லை.

ஓர்ஹுனின் நோட்டில் அந்த வாரம்:
நடு ஏரியில் ஒரு சாண் நீர்.
கூட்டம் நடப்பதை நிறுத்தியிருக்கிறது.
தொள்ளாயிரத்துச் சொச்சம்.
நரி மூன்று.

செப்டம்பரில் ஒருநாள் நள்ளிரவு
கூரைக்கு மேலே வாத்துக் கூச்சல் போல ஏதோ.
செருப்பில்லாமல் வெளியே வந்தாள்.
ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்
தெற்கே போய்க்கொண்டிருந்தது.
அந்த ஆண்டு அவள் கிழங்கு
பாதி லாரிகூட நிரப்பவில்லை.

குளிர்காலக் கூட்டத்தில்
நாற்பத்திரண்டாம் பெயரை அடி என்றார்கள்
இருபத்துமூன்று பேர்.
பேனாவில் எழுதியது, அடித்தால் அசிங்கமாக இருக்கும்
என்றார் ஷாபான்.
தேநீர் ஆறியது. யாரோ கதவைச் சாத்தச் சொன்னார்கள்.
மார்ச்சில் பேசிக்கொள்ளலாம் என்று
எழுந்துவிட்டார்கள்.

மார்ச்சில்தான் அவையும் வரும்,
வந்தால்.